டயருக்கு ஸ்பரிசம் இல்லை

'சென்சார்' என்ற சொல்லுக்குத் தமிழ் செய்ய உட்கார்ந்தவர்கள் 'உணரி' என்று வைத்தார்கள். பாடப்புத்தகத்தில் ஏறி, அகராதியில் ஏறி, இப்போது டயருக்குள்ளும் ஏறிவிட்டது. காரின் டயருக்குள் ஒட்டப்பட்ட ஒரு சில்லு, சாலை எவ்வளவு வழுக்குகிறது, டயருக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பதைக் காருக்குச் சொல்கிறது. இதைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் 'சாலையை உணரும் டயர்' என்று எழுதுகிறார்கள். டயர் கம்பெனிகளின் ஆங்கில விளம்பரங்களிலும் இதே பேச்சுதான். டயர் சாலையைத் தொடுகிறதாம், உணர்கிறதாம், பேசுகிறதாம். தமிழில் வந்தபோது இந்தப் பேச்சுக்கு இலக்கணத்தின் அங்கீகாரமே கிடைத்துவிட்டது. பெயரே 'உணரி' என்றால் அது உணராமல் வேறென்ன செய்யும்?

இலக்கியப் பத்திரிகையில் டயருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். டயருக்கு வேலை இல்லைதான். 'உணர்' என்ற வினைச்சொல்லுக்கு இருக்கிறது. கவிதை விமர்சனத்தில் பக்கத்துக்குப் பத்து முறை நாம் செலவழிக்கிற சொல் அது. அதை ஒரு ரப்பர் வளையத்துக்கு எழுதிக் கொடுக்கிறார்கள், யாரும் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காததற்குக் காரணமும் இருக்கிறது. மின்விசிறி பெருமூச்சு விடுவதையும், ரயில் அழுதுகொண்டே போவதையும், தெருவிளக்கு தூங்கி விழுவதையும் கவிதை என்று அச்சிட்டு வந்தவர்கள் நம்மிடையே உண்டு. விளம்பரக்காரன் சரக்கைக் கடத்தியது இந்தக் கடையிலிருந்துதான்.

டயருக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இந்த இடத்தைத் தாண்டிக்கொண்டு நேரே தத்துவத்துக்கு ஓடுவது நம்மவர்களின் வழக்கம். ஓடினால் விஷயம் கைநழுவிப் போகும்.

ஒரு காரைச் சாலையோடு பிணைத்திருப்பது நான்கு சிறு பரப்புகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய உள்ளங்கை அளவு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சக்கரம் விநாடிக்குப் பன்னிரண்டு தடவை சுற்றுகிறது. டயரின் ஒரு குறிப்பிட்ட புள்ளி தரையில் பதிந்து கிடப்பது ஒரு சுற்றில் சுமார் ஐந்து மில்லி விநாடி. டயரின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் முடுக்கமானி, சுற்றும்போது புவியீர்ப்பைப் போல 160 மடங்குக்கு மேற்பட்ட விசையில் வெளிநோக்கி இழுபடுகிறது. அது தரைக்கு நேரே வந்து டயர் தட்டையாகும் அந்த ஐந்து மில்லி விநாடியில் இழுப்பு ஏறக்குறைய பூஜ்யத்துக்கு விழுகிறது, பிறகு மீண்டும் ஏறுகிறது. தரையைத் தொடத் தொடங்கும் விளிம்பில் ஒரு துள்ளல், விட்டுப் பிரியும் விளிம்பில் இன்னொரு துள்ளல். இந்த இரண்டு துள்ளலுக்கும் நடுவேயும், தொடுவதற்குச் சற்று முன்னும், விட்டதற்குச் சற்றுப் பின்னும் நடக்கும் அதிர்வுகள் காய்ந்த தாரில் ஒரு மாதிரியும், தண்ணீர் தேங்கிய தாரில் வேறு மாதிரியும், இறுகிய பனியில் இன்னொரு மாதிரியும் இருக்கும். சில்லு இந்த அதிர்வை அனுப்புகிறது. கணக்குப் போடுவது வேறொரு பெட்டி.

தரையைத் தொடுகிற இடத்தில் எந்தக் கருவியும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தொடுவது வெளிப்புற ரப்பர், கருவி உள்ளே. நடுவே கம்பி வலையும் துணியடுக்கும். தொடும் இடத்திலேயே வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு காந்தத்தை வெளி ரப்பர் கட்டிக்குள்ளேயே புதைத்தார்கள். லாரிக்காரர்கள் 'பட்டன்' என்று சொல்கிறார்களே, அந்தக் கட்டிக்குள். சாலை அந்தக் கட்டியைப் பிடித்து இழுத்து வளைக்கும்போது காந்தம் நகரும், நகர்ந்த தூரத்தைக் கீழிருந்து ஒரு கருவி அளக்கும். ஸ்பரிசத்துக்கு மனிதன் இயந்திரத்தில் மிக அருகே வந்தது இந்த இடத்தில்தான் என்பேன். ஆனால் தேய்வதுதான் டயரின் தொழில். தொடுகிற இடம் தேயும், தேய்கிற இடத்தில் வைத்தது கூடவே போகும். பிற்பாடு வந்த ஆராய்ச்சி பெரும்பாலும் உள்சுவருக்குக் குடிபெயர்ந்தது. தொடுதலிலிருந்து பத்திரமான தூரத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்ட பிறகு அதற்கு 'உணரி' என்று பெயர்!

இனி பிடி என்பதற்கு வருவோம். 'இந்தச் சாலையின் பிடி 0.8' என்று எழுதுகிறார்கள், சாலைக்குச் சொந்தமான ஒரு குணம் போல. சாலைக்கு அப்படி ஒரு குணம் கிடையாது. பிடி என்பது இந்த ரப்பருக்கும் இந்தத் தரைக்கும், இந்த வேகத்தில், இந்தச் சூட்டில், நடுவே கிடக்கும் இந்தத் தண்ணீரோடு நடக்கிற ஒரு விவகாரம். காய்ந்த தாரில் உராய்வு எண் 0.8-லிருந்து 1 வரை, இறுகிய பனியில் 0.2 அல்லது 0.3, பனிக்கட்டியில் 0.1 அல்லது அதற்கும் கீழே. பனிக்கட்டியும் ஒன்றல்ல. உருகும் நிலையை ஒட்டிய பனிக்கட்டி, உறைநிலைக்கு இருபது டிகிரி கீழே கிடக்கும் பனிக்கட்டியைவிட மோசமாக வழுக்கும். இந்த எண்களின் அர்த்தம் தெரிய வேண்டுமானால், 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டால் 0.8-ல் முப்பத்தொரு மீட்டரில் நிற்கிற கார், 0.1-ல் நிற்க இருநூற்றைம்பது மீட்டர் வேண்டும்.

இதில்தான் சூட்சுமம். இந்த எண், இருக்கிற பிடியின் உச்ச வரம்பு. அன்றாடம் ஓட்டுகிறவன் அதில் 0.1, 0.2 அளவுக்குமேல் செலவழிப்பதில்லை. வரம்பு எங்கே இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் வரம்பைத் தொட வேண்டும், அதாவது வழுக்க வேண்டும். வழுக்காமல் வழுக்கலை அளக்க முடியாது. இங்கிலாந்தின் சாலைத்துறைக்காரர்களுக்கு இது தெரியும். 1970-களிலிருந்து அவர்கள் உபயோகிக்கிற 'ஸ்கிரிம்' என்ற லாரியின் வயிற்றடியில் தனியாக ஒரு சக்கரம் உண்டு. போகிற திசைக்கு 20 டிகிரி கோணலாக அதைத் திருப்பி வைத்து, முன்னால் தண்ணீரைப் பீய்ச்சி, வேண்டுமென்றே பக்கவாட்டில் வழுக்கவைத்து, எவ்வளவு விசை என்று அளந்துகொண்டே போகிறது அந்த லாரி. கோணல் சக்கரம், ஆனால் நேர்மையான சக்கரம். பட்டு அறிகிறது, பட்டதைச் சொல்கிறது. அதற்கு யாரும் 'உணரி' என்று பெயர் வைக்கவில்லை. விளம்பரமும் இல்லை.

1978-ல் பாஷ் கம்பெனி செய்து மெர்ஸிடிஸ் காரில் வந்த ஏ.பி.எஸ். பிரேக்கையும் இந்த வரிசையில் வைக்கலாம். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கத் தொடங்குவதை அறிந்து பிரேக்கைத் தளர்த்துகிறது, மறுபடி பிடிக்கிறது, மறுபடி தளர்த்துகிறது. வரம்பில் போய் முட்டி, முட்டியதிலிருந்து திரும்பிவரும் அறிவு. அதற்கு முன்னறிவு எதுவும் கிடையாது, உண்டு என்று சொல்லிக்கொள்வதும் இல்லை.

டயருக்குள்ளிருக்கும் சில்லு இந்த இரண்டின் ஜாதியும் இல்லை. நேர்ரோட்டில் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும்போது, வரம்பின் பக்கமே போகாமல், வரம்பு இன்ன இடத்தில் இருக்கிறது என்று அது சொல்ல வேண்டும். எப்படிச் சொல்லும்? 'இந்த மாதிரி அதிர்ந்தபோதெல்லாம் அது பனியாக இருந்தது. இப்போதும் அந்த மாதிரி அதிர்கிறது. ஆகவே இதுவும் பனி. பனி என்றால் பிடி இவ்வளவுதான் இருக்கும்.' இதற்கு நம்மிடம் ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட பெயர் இருக்கிறது. மலையில் புகை தெரிகிறது, ஆகவே நெருப்பு. அனுமானம். மணிமேகலையின் அளவைவாதி அறியும் வழிகளைச் சொல்லும்போது காண்டலை ஒன்றாகவும் கருதலை வேறொன்றாகவும் வைத்தான். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதுதான் அளவை சாஸ்திரத்தின் முதல் பாடம். தர்க்கம் படிக்கிற பையனுக்கு உடனே சொல்லிக்கொடுக்கும் இன்னொரு பாடமும் உண்டு: மலைமேல் தெரிவது மூடுபனியாக இருந்து நீ அதைப் புகை என்று எடுத்துக்கொண்டால் உன் அனுமானம் பொய்க்கும். பனிநாட்டு டயருக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை வேண்டாம்.

புகைக்கும் நெருப்புக்குமான இணைபிரியாத தொடர்பை, அந்த வியாப்தியை, டயருக்கு எங்கே கற்றுக்கொடுக்கிறார்கள்? ஸ்வீடனின் வடகோடியில் ஆர்யெப்லோக் மாதிரி, குளிர்காலத்தில் ஏரி உறைந்து கிடக்கும் இடங்களில் கார்க் கம்பெனிகள் வருஷாவருஷம் பரிசோதனை ஓட்டம் நடத்துகின்றன. தெரிந்த தரை, புது டயர், குறித்த காற்றழுத்தம். விற்ற பிறகு அந்த டயர் தேய்கிறது, ரப்பர் வருஷத்தில் இறுகுகிறது, காற்று குறைகிறது, சுமை மாறுகிறது. அதிர்வும் மாறும். பழைய வியாப்தி புது மலைக்குப் பொருந்துமா என்பது ஒவ்வொரு தடவையும் திறந்தே கிடக்கும் கேள்வி. பொறியாளர்களுக்கு இது தெரியாது என்று நான் சொல்லவில்லை. அவர்களின் கட்டுரைகளில் 'மதிப்பீடு' என்றுதான் எழுதுகிறார்கள். பொறியாளன் மதிப்பீடு என்று எழுதியதை விற்பனைக்காரன் 'உணர்வு' என்று மாற்றுகிறான், நம் கலைச்சொல்காரன் அதற்கு விகுதி சேர்த்துக் கொடுக்கிறான்.

தமிழுக்கு இதில் ஒரு விசேஷமான நஷ்டம் உண்டு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்கும்போது தொடுதலைத்தான் முதலில் வைக்கிறது. கண்ணும் காதும் பிறகு வருகின்றன. புல்லுக்கும் மரத்துக்கும் உள்ள ஒரே அறிவு அது, அதற்குச் சொல் உற்றறிவு. உறுதல் என்றால் தொடுதல், உறுதல் என்றால் படுதல், துன்பம் உறுதல், நோய் உறுதல். தொட்டால் பட்டாக வேண்டும், படாமல் தொட்டதாகாது என்ற ஒரு முழு ஞானம் அந்த ஒரு வினைச்சொல்லில் கிடக்கிறது. புல்லை மிதித்தால் புல்லுக்கு ஏதோ ஆகிறது. முடுக்கமானி அதிர்ந்தால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. ஓர் எண் மாறுகிறது. புல்லைவிட மேலான இடத்தில் ஒரு சில்லை உட்காரவைக்க நமக்கு இத்தனை அவசரம் எதற்கு?

'இதெல்லாம் வார்த்தை விளையாட்டு, உயிர் பிழைத்தால் போதாதா?' என்று கேட்கப் போகிறவர்களைத் தெரியும். கேட்பது நியாயம்தான். கறுத்த தாரின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகப் பனிக்கட்டி கிடக்கும்போது, நூறு மீட்டர் முன்னாலேயே அனுமானமாக ஓர் எச்சரிக்கை வந்தால் அது பெரிய காரியம். கருவிக்கு நான் எதிரி இல்லை. அனுமானமும் அறிவுதான். ஆனால் எச்சரிக்கை வந்தது அனுமானத்தால் என்று தெரிந்தவன் ஒரு மாதிரி ஓட்டுவான், டயரே தொட்டுப் பார்த்துச் சொல்லிவிட்டது என்று நம்புகிறவன் வேறு மாதிரி ஓட்டுவான். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, ஆகவே வழுக்காது என்று எடுத்துக்கொள்பவன் இந்த இரண்டாமவன்தான். ஒரு சொல் ஆளைக் கொல்லுமா என்றால், இந்த மாதிரி ஓர் இடத்தில் கொல்லும்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஓட்டுகிறவனின் கை. கார் ஓட்டத் தெரிந்தவர்கள் வளைவில் ஒரு விஷயத்தைக் கையால் அறிந்திருப்பார்கள். முன்சக்கரம் தன் பிடியின் எல்லையை நெருங்கும்போது, முழுக்க விட்டுப்போவதற்குச் சற்று முன்பே ஸ்டியரிங் லேசாகிவிடும். சக்கரத்தை நேராக்கத் திருப்பி இழுக்கிற முறுக்கு விசை, பக்கவாட்டுப் பிடி உச்சத்துக்குப் போவதற்கு முன்னாலேயே தளரத் தொடங்குகிறது என்பது இதற்கு விளக்கம். விளக்கம் தெரியாதவனின் உள்ளங்கைக்கும் விஷயம் தெரியும். மனிதன் சாலையை உற்றறிந்த இடம் அது. கனமான அந்த ஸ்டியரிங்கை எண்ணெய் அழுத்தத்தால் இலகுவாக்கினார்கள். 1988-ல் ஜப்பானில் சுஸூகி செர்வோ காரில் மின்மோட்டார் வந்தது, பிறகு அதுவே எங்கும் நிறைந்தது. சாலையிலிருந்து கைக்கு ஏறிவந்த நடுக்கம் பெருமளவு வழியிலேயே வடிகட்டப்பட்டது. 2013-ல் இன்ஃபினிட்டி க்யூ50 காரில் சக்கரத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே சாதாரண ஓட்டத்தில் எந்திரத் தொடர்பே வேண்டாம் என்றாகிவிட்டது. அவசரத்துக்கு மட்டும் ஒரு கிளட்ச் இருந்தது. கைக்கு வரும் கனத்தை ஒரு மோட்டார் உண்டாக்கித் தருகிறது. சாலையின் மூலம் போய், அதன் மொழிபெயர்ப்பு கையில் கொடுக்கப்படுகிறது. கரடுமுரடான வரிகளை நீக்கிய, வாசகருக்கு உறுத்தாத மொழிபெயர்ப்பு. அப்படிப்பட்ட மொழிபெயர்ப்புகள் நமக்குப் புதியவை இல்லை.

கையிலிருந்து ஸ்பரிசத்தை எடுத்துக்கொண்டவர்கள், இப்போது அதே ஸ்பரிசத்தை டயருக்குள் வைத்து, 'உணரி' என்று பெயர் சூட்டி, விலை போட்டுத் திருப்பித் தருகிறார்கள். வியாபாரம் என்ற அளவில் ரசிக்கத்தக்க சாமர்த்தியம்!

யாருக்குத் தருகிறார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். பிரிட்ஜ்ஸ்டோன் கம்பெனி உள்சுவர் முடுக்கமானியை வைத்து, சாலையை ஏழு நிலைகளாகப் பிரிக்கும் ஒரு முறையைச் செய்தது. காய்ந்தது, அரை ஈரம், ஈரம், பனிச்சேறு, புதுப்பனி, இறுகிய பனி, பனிக்கட்டி. (கம்பெனியை ஆரம்பித்தவரின் குடும்பப்பெயர் இஷிபாஷி. ஜப்பானிய மொழியில் கல்பாலம். அதை ஆங்கிலத்தில் திருப்பிப் போட்டதுதான் பிரிட்ஜ்ஸ்டோன். கல்பாலத்தையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கடக்கிறான் என்று அளவுமீறி ஜாக்கிரதையாக இருப்பவனைப் பற்றி ஜப்பானியரிடம் ஒரு பழமொழி உண்டு. தட்டிப் பார்ப்பதுதான் சரியான வார்த்தை, கவனிக்க.) 2011-ல் அந்த முறை ஹொக்கைடோ தீவின் விரைவுச்சாலைகளைப் பராமரிப்பவர்களின் கைக்குப் போனது. அவர்களின் வண்டி ரோந்து போகும்போது எந்த இடத்தில் எந்த நிலை என்று தெரிகிறது, அங்கே பனியுருக்கும் உப்பைத் தேவையான அளவு தூவுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த வழியாகப் போகிற பழைய லாரிக்கும், மொட்டை டயர் போட்ட காருக்கும் சேர்த்துத்தான் பிடி கூடுகிறது. அனுமானம் சாலைக்கே திரும்பிப் போகிறது.

2021-ல் பிரெல்லி கம்பெனியின் 'சைபர்' டயர் மக்லாரன் ஆர்ட்டுரா என்ற காரில் ஏறியது. கோடிகளில் விலை உள்ள கார். அங்கே டயரின் அறிவு அந்த ஒரு காருக்குச் சொந்தம். முன்னால் போகிறவன் வழுக்கலைத் தெரிந்துகொண்டு வேகத்தைக் குறைத்துத் தாண்டிப்போகிறான், பின்னால் வருகிறவன் அதே இடத்தில் விழுகிறான். வழுக்கல் பொதுச் சாலையில் கிடக்கிறது, அதைப் பற்றிய அறிவு தனியார் பெட்டியில். 2016-ல் வால்வோ கம்பெனி ஸ்வீடனிலும் நார்வேயிலும் ஒரு காரின் வழுக்கலை இன்னொரு காருக்குச் சொல்லும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதற்கு டயருக்குள் சில்லுகூடத் தேவைப்படவில்லை, காரில் ஏற்கெனவே இருந்ததே போதுமாக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 886/2013 என்ற ஒழுங்குவிதி, சாலையில் போகிறவர்களுக்கு முடிந்தவரை கட்டணமின்றித் தெரிவிக்க வேண்டிய அபாயங்களைப் பட்டியலிடுகிறது. பட்டியலில் முதலாவது, தற்காலிகமாக வழுக்கும் சாலை. விபத்தையும் சாலையில் குறுக்கே வரும் விலங்கையும்விட முன்னால் அதை எழுதியிருக்கிறார்கள். டயர் 'உணர்கிறது' என்று சொல்லிவிட்டால் இந்த வழக்கே எழாது. என் உணர்வு என்னுடையது, அதை ஊருக்குப் பங்கு வை என்று யாரும் கேட்க முடியாது. கேட்கத் தோன்றாது. அளவீடு, மதிப்பீடு, அனுமானம் என்று சொல்லிப் பாருங்கள். யார் அளந்தது, எப்படி அளந்தது, ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேள்விகள் வரிசையாக வரும். கம்பெனிகளுக்கு எந்தச் சொல் வசதி என்பதில் சந்தேகமில்லை. நமக்கும் அதே சொல் ஏன் வசதியாக இருக்கிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பதிலுக்கு என்ன சொல் என்று கேட்பார்கள். 'அளவி' சொல்லிப் பார்க்கலாம், 'அறிவிப்பான்' சொல்லிப் பார்க்கலாம். இரண்டும் கொஞ்சம் அசடுவழிகின்றன, ஆனால் பொய் சொல்லவில்லை. அதுவரை சென்சார் என்றே எழுதிவிட்டுப் போவோம். சினிமாப் படத்தை வெட்டுகிற சென்சாருக்கும் தமிழில் இதே எழுத்துதான் என்று ஒரு நண்பர் ஆட்சேபம் சொன்னார். ஸ்டியரிங்குக்கு நேர்ந்ததை நினைத்தால் அந்தக் குழப்பத்தால் பெரிய கெடுதி ஒன்றும் இல்லை என்று தோன்றுகிறது. 'உணரி'யின் சார்பில் யாராவது வாதாட முன்வந்தால் அடுத்த இதழில் எழுதட்டும், பதில் சொல்கிறேன்.